சாலையில்லாத காட்டுத் தீவை எதைக் கொண்டு அளப்பது?

கையில் வரைபடத்தோடு ஒரு காட்டுத் தீவின் ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவை வைத்து நானே தயாரித்த படம் அது. அதிலிருந்த சம உயரக் கோடுகளை நம்பினால், நான் நின்ற இடத்திலிருந்து ஓடை இருபது மீட்டர் மேடேறிப் போக வேண்டும். தண்ணீரோ முழங்காலைத் தள்ளிக்கொண்டு கடலைப் பார்த்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு நிலச்சரிவு மரங்களை வழித்துப் போட்டு வெட்டவெளி ஆக்கியிருந்தது. முன்னால், காற்றுப் படாத பள்ளத்தில், நாற்பது மீட்டர் உயரத்துக்கு மரங்கள். செயற்கைக்கோள் வெட்டவெளியில் தரையை அளந்தது. பள்ளத்தில் மரத்தின் தலையை அளந்தது. முகட்டின் கதை வேறு. அங்கே காற்றில் குறுகிப்போன மரங்கள் பத்து மீட்டரைத் தாண்டவில்லை. ஆக, படத்தில் பள்ளத்தாக்கின் அடி நாற்பது மீட்டர் மேலே ஏறியிருந்தது, முகடு பத்து மீட்டர்தான் ஏறியிருந்தது. உண்மையான ஆழத்தில் முப்பது மீட்டர் காணாமல் போயிருந்தது. படத்தில் சாதுவான சரிவாகத் தெரிந்த இடத்தில் கயிறு இல்லாமல் இறங்க முடியவில்லை.

அன்றிலிருந்து, யாராவது "எங்கள் தீவுக்கு டோப்போ ஷீட் (நில உயரம் காட்டும் வரைபடம்) போட வேண்டும், எந்த முறை நல்லது?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது தரையின் உயரமா, மர உச்சியின் உயரமா? ட்ரோன், ரேடார், லேசரால் அளக்கும் லைடார் என்று கருவியின் பெயரில் பேச்சை ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் வேண்டும். 1947-ஆம் ஆண்டின் அமெரிக்க வரைபடத் துல்லிய விதி பழையதுதான், ஆனால் இன்றைக்கும் கைக்கு அடக்கமானது. சோதித்த புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, சம உயரக் கோட்டு இடைவெளியின் பாதிக்குள் சரியாக இருக்க வேண்டும். 10 மீட்டர் இடைவெளியில் கோடு வரைந்தால் பிழை 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 மீட்டர் கோடு என்றால் 10 மீட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது ஆயிரம் சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒரு தீவு. கீழே அடர்காடு, மேலே மொட்டைப் பாறை முகடு, சாலை கிடையாது, வருடத்தில் பெரும்பாலான நாள் மேகம்.

முதலில் இலவசத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டிக்கொண்டு, பதினொரு நாளில் வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரை பூமியை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கு வைத்த இலக்கே 16 மீட்டர் பிழைக்குள் இருக்க வேண்டும் என்பது. பிறகு வந்த கோப்பர்நிக்கஸ் உயர மாதிரி, அதாவது நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் சொல்லும் தரவு, எவ்வளவோ மேல். ஜோடியாகப் பறக்கும் டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் ஜெர்மன் செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து வந்தது அது, 4 மீட்டர் துல்லியத்துக்குத் தயாரானது. மொட்டை முகட்டில் அதை வைத்துத் தாராளமாக 20 மீட்டர் கோடு போடலாம். ஆனால் அதன் ரேடார் அலை மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். காட்டுக்குள் 4 மீட்டர் என்ற வாக்குறுதி மர உச்சிக்குத்தான், தரைக்கு இல்லை.

இதைச் சரிசெய்ய 2022-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் கோப்பர்நிக்கஸ் மாதிரியிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கணினிக் கற்றல் மூலம் கழித்து ஃபேப்டெம் என்று ஒன்றை வெளியிட்டார்கள். ஓடைகளின் போக்கைப் பார்க்க அது நிச்சயம் மேலானது. ஆனாலும் அது மதிப்பீடு, அளந்த உயரம் இல்லை. தீவின் மரங்கள் கணினி படித்த மரங்களைப் போல வளர்ந்திருந்தால் சரியாக வரும், இல்லாவிட்டால் வராது. என் கருத்தில் இலவசத் தரவு திட்டம் போடுவதற்கு உரியது. எங்கே படகு ஒதுக்கலாம், எந்த முகட்டில் கூடாரம் போடலாம் என்று முடிவுசெய்ய அது போதும். அச்சிட்டு, அதை நம்பி ஒருவரைக் காட்டுக்குள் அனுப்பப் போதாது.

அடுத்தது, காசு கொடுத்து வாங்கும் ஸ்டீரியோ செயற்கைக்கோள் படம். ஒரே சுற்றில் சில நிமிட இடைவெளியில் முன்னால் சாய்ந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என்று எடுத்து, இரண்டு கண்ணால் பார்ப்பது போல உயரம் கணக்கிடுவார்கள். பிளெயாடெஸ், வேர்ல்ட்வியூ வகைப் படங்களில் தனி மரத்தின் தலைகூடத் தெரியும். வேர்ல்ட்வியூ வகைப் படங்களை வைத்துத்தான் 60 டிகிரிக்கு வடக்கே உள்ள நிலத்துக்கும் அலாஸ்கா முழுமைக்கும் ஆர்க்டிக்டெம் என்ற 2 மீட்டர் மாதிரியைச் செய்தார்கள். மரமே இல்லாத வடதுருவத் தீவு உங்களுடையது என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரமாதமான மாதிரி ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் இலவசமாக.

காட்டுத் தீவுக்கு இதில் இரண்டு இடைஞ்சல். ஒன்று மேகம். வருடம் முழுக்கப் படம் எடுத்தாலும் முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மேகம் விலகாது. துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்ட வேண்டிவரும். இன்னொன்று, எவ்வளவு கூர்மையான படமானாலும் அது பார்ப்பது இலையைத்தான். 30 மீட்டர் கட்டத்துக்குப் பதில் 2 மீட்டர் கட்டத்தில் மர உச்சியை அளந்திருப்போம், அவ்வளவுதான். கூர்மை கூடியதைப் பார்த்து உண்மையும் கூடிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். நானும் அப்படி நம்பியவன்.

சரி, லைடாருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காட்டுக்குள் தரையைத் தொடும் முறை மேலிருந்து அளப்பவற்றில் முக்கியமாக இது ஒன்றுதான். விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகள் இறங்குகின்றன. பெரும்பாலானவை இலையிலும் கிளையிலும் பட்டுத் திரும்பும். சில, இலைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடுக்கு வழியாகத் தரைவரை போய்த் திரும்பும். காட்டுக்குள் நடக்கும்போது தரையில் காசு காசாக வெயில் விழுந்திருக்கும் அல்லவா, லேசர் இறங்கும் வழி அதுதான். வெயில் கொஞ்சமும் விழாத இடத்தில் லேசரும் விழாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 12 துடிப்பு அனுப்புகிறோம், மழைக்காட்டில் நூற்றுக்கு இரண்டுதான் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு சதுர மீட்டருக்கு ஒரு தரைப்புள்ளி கிடைக்கும். 10 மீட்டர் கோட்டுக்கு இது தாராளம். அதே காட்டுக்குச் சிக்கனம் என்று சதுர மீட்டருக்கு இரண்டு துடிப்பு மட்டும் அனுப்பினால், ஒரு தரைப்புள்ளிக்கு 25 சதுர மீட்டர் தேவைப்படும். புள்ளிகள் சீராகவும் விழாது, அடர்ந்த ஓடைப் பள்ளத்தில் பெரிய ஓட்டை விழும். பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று துடிப்பைக் குறைத்தால், எந்தப் பள்ளத்துக்காக லைடாரை வரவழைத்தோமோ அதுவே படத்தில் இருக்காது. ஒப்பந்தம் போடும்போது "மொத்தப் புள்ளி எவ்வளவு" என்று எழுதாமல் "தரைப்புள்ளி எவ்வளவு" என்று எழுதச் சொல்வேன்.

அதன் பலனை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மரங்களைக் கழித்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவது போல நிழலிட்டுத் திரையில் காட்டும்போது, பச்சைப் போர்வைக்கு அடியிலிருந்து ஓடைகள், பழைய நிலச்சரிவின் வாய், யாரோ நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை எல்லாம் வரிவரியாக எழுந்து வரும். பெலீஸ் நாட்டின் கரகோல் என்ற மாயா நகரத்தில் ஆய்வாளர்கள் இருபத்தைந்து ஆண்டு காட்டுக்குள் நடந்து 23 சதுர கிலோமீட்டர் அளந்திருந்தார்கள். 2009-இல் ஒரு லைடார் விமானம் சில நாளில் 200 சதுர கிலோமீட்டரைக் காட்டிவிட்டது. படிக்கட்டு வயல்கள் உட்பட எல்லாம் தெரிந்தன.

ஆனால் தீவு என்பது கரகோல் இல்லை. விமானம் எங்கிருந்து கிளம்பும்? தெற்கு அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 170 கிலோமீட்டர் நீளம், பாதிக்கு மேல் பனியாறு, ஓடுதளம் கிடையாது. பக்கத்து விமான நிலையம் ஃபாக்லாந்தில், ஏறக்குறைய 1,400 கிலோமீட்டருக்கு அப்பால். சிறிய சர்வே விமானம் அங்கே போய், மணிக்கணக்கில் கோடு கோடாகப் பறந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப முடியாது. கப்பலில் ஹெலிகாப்டரை ஏற்றிக்கொண்டு போகலாம். 2011-க்கும் 2015-க்கும் நடுவில் எலிகளை ஒழிக்க அங்கே அப்படித்தான் கொண்டுபோனார்கள். செலவில் அது வேறு உலகம்.

கரையிலிருந்து ஒருமணி நேரத்தில் எட்டக்கூடிய தீவானாலும் மேகத்தைக் கேட்டுத்தான் பறக்க வேண்டும். லைடார் விமானம் ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது. அதற்கும் தரைக்கும் நடுவில் மேகம் இருக்கக் கூடாது. கடல் காற்று மலையில் ஏறி முற்பகலிலேயே முகட்டுக்குத் தொப்பி போட்டுவிடும். விமானக் குழு கரையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி உண்டு. அதனால் லைடார் செலவைத் தீவின் பரப்பை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். விமானம் வந்து சேரும் செலவு, காத்திருக்கும் செலவு, அப்புறம்தான் பரப்பு. சின்னத் தீவு மலிவாக முடியும் என்ற எண்ணம் பலரை ஏமாற்றியிருக்கிறது.

மேகம்தான் பெரிய எதிரி என்றால் விமான ரேடார். ரேடார் அலை மேகத்தை ஊடுருவிப் போய்விடும். அலாஸ்காக்காரர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் 1950-களின் வரைபடங்கள். 2010-இல் தொடங்கிச் சுமார் பத்து ஆண்டில், மேகத்துக்கு மேலே பறக்கும் விமானங்களிலிருந்து மாநிலம் முழுவதையும் 5 மீட்டர் கட்டத்தில் ரேடாரால் அளந்துவிட்டார்கள். சாலையே இல்லாத தென்கிழக்குத் தீவுகளும் அதில் அடக்கம். பரந்த நிலம், ஓயாத மேகம், பொதுத் தேவைக்கான படம் என்றால் அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

அதன் குறையும் அங்கேயே தெரிந்தது. 2013-இல் ரேடார் தரவை வைத்து டெனாலி சிகரத்தின் உயரம் 20,237 அடி என்று அறிவித்தார்கள், பழைய கணக்கைவிட 83 அடி குறைவு. 2015-இல் ஒரு குழு ஜிபிஎஸ் கருவியைச் சுமந்துகொண்டு உச்சிக்கே ஏறி அளந்தது. 20,310 அடி வந்தது, அதுவே இன்றைய உயரம். ஒரு கட்டம் முழுவதுக்கும் ஒரே உயரம் சொல்லும் மாதிரியில் கூரான உச்சி மழுங்கிவிடும். செங்குத்துச் சரிவுக்குப் பின்னால் ரேடார் நிழலும் விழும், அதனால் இரண்டு திசையிலாவது பறக்க வேண்டும். காட்டைப் பொறுத்தவரை, குட்டை அலை ரேடார் இலையில் நிற்கும், முக்கால் மீட்டர் நீளமுள்ள பி பேண்ட் அலை உள்ளே இறங்கும். 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்கள் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் அந்த அலையைத்தான் சுமக்கிறது. ஆனால் அதன் கட்டம் ஐம்பது மீட்டர் அளவில் இருப்பதால் டோப்போ ஷீட்டுக்கு ஆகாது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நைசாரையும் சிலர் கேட்கிறார்கள். நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதுதான் அதன் முதன்மை வேலை; உயர மாதிரி செய்வதற்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

ட்ரோனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்குச் சில சதுர கிலோமீட்டர், அதுவும் காற்று விட்டுக்கொடுத்தால். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பருவம் முடிந்துவிடும். படகு ஒதுக்கும் கடற்கரை, முகாம், ஓடைமுகம் என்று கைவிரலால் எண்ணக்கூடிய இடங்களை விரிவாக எடுக்க அதைவிட நல்லது கிடையாது. கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும் பாறைப் பக்கம் மட்டும் தயவுசெய்து பறக்கவிடாதீர்கள். பெற்றோர் பறவை மிரண்டு எழுந்தால் முட்டை தனியாகக் கிடக்கும், அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும் பறவைகள் உண்டு.

இனி நடை. 1951-இலிருந்து 1957 வரை டங்கன் கார்ஸ் என்பவர் நான்கு முறை தெற்கு ஜார்ஜியாவுக்குக் குழு கொண்டுபோனார். பனிச்சறுக்கு வண்டியைத் தாங்களே இழுத்து, முகடு முகடாகத் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியை ஏற்றி, மேகம் விலகும் சில நிமிடத்துக்காகக் கூடாரத்தில் நாள்கணக்கில் கிடந்து அளந்தார்கள். 1958-இல் 1:200,000 அளவில் படம் வந்தது. அதற்கு நாற்பது ஆண்டு முன்னால், 1916 மே மாதம், துருவப் பயணி ஷாக்கிள்டனும் கூட இரண்டு பேரும் அந்தத் தீவைக் குறுக்கே கடந்தபோது அவர்கள் படத்தில் கரையோரம் மட்டுமே இருந்தது. நடுவில் வெறும் வெள்ளை.

முழுத் தீவையும் இப்படி அளப்பது இன்றைக்குத் தேவையில்லை. ஆனால் நடையை ஒட்டுமொத்தமாக விலக்கிய திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். ஓடையின் பெயர், அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் குறுக்குப் பாதையைச் சொல்லும் பெயர், குடிக்கத் தண்ணீர் எங்கே வற்றாமல் கிடைக்கும் என்ற தகவல், இவை எதுவும் மேலிருந்து தெரியாது. விதிவிலக்கு ஒன்றுதான். அந்தமானின் வடக்கு சென்டினல் போலத் தரையிறங்கவே தடையுள்ள தீவு என்றால், வானத்திலிருந்து கிடைப்பதோடு மன நிறைவு கொள்ள வேண்டும். வரைபடம் இல்லாமல் போவதால் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

நடந்து செய்ய வேண்டிய இன்னொரு வேலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். உயரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பது அது. ஜிபிஎஸ் சொல்லும் உயரம் கணக்குக்காக வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து. நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து. இரண்டும் ஒன்று இல்லை. பூமியின் ஈர்ப்பு எங்கும் சமமாக இல்லாததால் கடல்மட்டமே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது அந்த நீள்கோளத்தைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே படகில் உட்கார்ந்து திருத்தமில்லாத உயரத்தைப் படித்தால், கடலுக்கு நூறு மீட்டர் அடியில் இருப்பதாகக் கருவி சொல்லும். எஸ்ஆர்டிஎம் ஒரு கடல்மட்ட மாதிரியை வைத்திருக்கிறது, கோப்பர்நிக்கஸ் இன்னொன்றை. ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் தரவு நேராக நீள்கோளத்திலிருந்தே வருகிறது. இவற்றை மாற்றாமல் ஒன்றோடொன்று கலந்தால், லைடாருக்குக் கொட்டிய பணம் எல்லாம் வீணாகிவிடும். தீவில் ஓர் அழுத்த அளவியைக் கடலில் இறக்கி, குறைந்தது ஒரு சந்திர மாதம் ஓதத்தை (கடலின் ஏற்றவற்றத்தை) பதிந்து, பக்கத்திலுள்ள பாறையில் ஒரு நிலையான குறி வெட்டி இரண்டையும் இணைத்துவிட்டால் அந்தக் கவலை தீரும். மொத்தச் செலவில் இது சிறு துளி.

ஆக என் முடிவு இப்படி. கரை விமான நிலையத்திலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள காட்டுத் தீவு என்றால் லைடார். பணம் பற்றாவிட்டால் துடிப்பைக் குறைக்காதீர்கள், பரப்பைக் குறையுங்கள். மொட்டை முகட்டுக்குக் கோப்பர்நிக்கஸ் போதும். லைடாரைக் காட்டுப் பள்ளத்தாக்குகளுக்கு மட்டும் அனுப்புங்கள். ஓடுதளமே இல்லாத தொலைதூரத் தீவு என்றால் ஸ்டீரியோ படம் வாங்கி, அதன் மேல் ஐஸ்சாட்-2 கோடுகளைப் போட்டுப் பாருங்கள். 2018-இலிருந்து அந்தச் செயற்கைக்கோள் ஆறு லேசர் கற்றையால் பூமியை அளந்துகொண்டிருக்கிறது, தரவு இலவசம். காட்டில் இடைவெளி உள்ள இடங்களில் தரையும் மர உச்சியும் தனித்தனியாகத் தெரியும், மரம் எவ்வளவு உயரம் என்று அங்கிருந்து கணக்கிட்டுக் கழிக்கலாம். பெரிய தீவுக் கூட்டம், ஓயாத மேகம், அரசாங்கப் பணம் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் விமான ரேடாரை யோசியுங்கள்.

எந்த வழியில் போனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு குழுவைத் தீவில் இறக்குங்கள். ஓடைமுகக் கூழாங்கல் திட்டு, மரமில்லாத பாறை என்று மேலிருந்து அடையாளம் தெரியும் இடங்களில் ஜிபிஎஸ் கருவியைச் சில மணி நேரம் அசையாமல் வைத்து கன்ட்ரோல் பாயின்ட் (இடமும் உயரமும் துல்லியமாகத் தெரிந்த புள்ளி) எடுக்கட்டும். பக்கத்தில் ஒப்பிட்டுத் திருத்த நிலையான ஜிபிஎஸ் நிலையம் எதுவும் இல்லாவிட்டாலும் இன்றைய கணக்கு முறையில் சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். அப்புறம், கடற்கரையிலிருந்து முகடுவரை காட்டுக்குள்ளேயே ஒரு கோடு நடந்து, வெயில் விழும் இடுக்கு கிடைக்கும்போதெல்லாம் உயரம் பதிந்து வரட்டும். அந்தப் புள்ளிகளை மாதிரி தயாரிப்பவர்களுக்குக் கொடுக்காமல் தனியே வைத்திருங்கள். மாதிரி வந்ததும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்பது புள்ளி 5 மீட்டருக்குள் வந்தால் 10 மீட்டர் கோடு போடலாம். வராவிட்டால் 10 மீட்டரை விட்டுவிடுங்கள். பத்தில் ஒன்பது 10 மீட்டருக்குள்ளாவது இருந்தால் 20 மீட்டர் கோடு போட்டு, எந்தப் பள்ளத்தாக்கில் தரை சரியாக அளக்கப்படவில்லை என்று படத்திலேயே புள்ளிக் கோட்டால் காட்டிவிடுங்கள்.